வெட்டச் சொன்ன மூச்சு

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

கூச்சல் இல்லை. அழுகை இல்லை. தானே உதட்டைக் கடித்து அடக்கிக்கொள்வது போல, உள்ளே இழுத்த காற்று வெளியே வரத் தைரியமில்லாமல் துண்டு துண்டாக வந்தது. பதினோரு தடவை. அதன் பிறகு ஒரு சின்ன விக்கல். அப்புறம் ஒன்றுமில்லை.

வராந்தாவின் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூச்சக்கா விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை தவறவில்லை. எப்படித் தவறும்? உள்ளே கேட்டது அவளுடைய மூச்சுதான்.

கதவோரம் ஸ்டூலில் இருந்த பியூன் காதைச் சொறிந்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபாசம் என்று அலுவலகமே காகிதத்தில் எழுதிவிட்ட ஒரு சத்தத்தை, அதை எழுப்பியவள் எதிரிலேயே கேட்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

சென்சார் அலுவலகத்தின் சின்ன திரையரங்கம் அது. உள்ளே ஐந்து உறுப்பினர்கள் ஒரு படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாடகை வீடுகளில் தனியாக இருக்கும் பெண்களைத் தேடித் தேடிக் கொல்லும் ஒருவனைப் பற்றிய படம். நான்காவது கொலை ஒரு படுக்கையறையில் நடக்கிறது. திரையில் ரத்தம் இல்லை, உடம்பு இல்லை. இருட்டில் ஆடும் ஒரு ஜன்னல் திரையும் இந்த மூச்சும் மட்டும்தான். முதல் முறை பார்த்த உறுப்பினர்கள் கொடுத்த பட்டியலில் கத்தி இருந்தது, கயிறு இருந்தது, ஏழாவதாக இது இருந்தது: ‘நான்காவது கொலைக்காட்சியில் பெண்ணின் காம முனகல், முழுவதும் நீக்கவும்.’

டைரக்டர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். இளவயசுப் பையன், முதல் படம். “அக்கா, பயத்தப் போயி அது இதுன்னு எழுதியிருக்காங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்” என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்து வந்திருந்தான்.

அவனுக்கு எப்படித் தெரியும், அந்த மூச்சை வெட்டிவிட வேண்டும் என்று இந்த உலகத்திலேயே அதிகமாக வேண்டிக்கொண்டவள் அவள்தான் என்று?

அவள் டப்பிங் கலைஞர். ஆனால் படங்களில் ஒரு வசனம்கூடப் பேசியதில்லை. கதாநாயகிக்குக் குரல் கொடுக்க வேறு ஆள் இருப்பார்கள். அந்தக் கதாநாயகி படியேறி மூச்சு வாங்குவதற்கும், தூக்கத்தில் புரண்டு முனகுவதற்கும், தடுக்கி விழுவதற்கும், பிரசவ வலிக்கும், காதலன் கழுத்தருகே குனியும்போது இழுக்கும் அந்த ஒரு மூச்சுக்கும் இவளைக் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக அதே வேலை. சொந்தப் பெயர் ஸ்டூடியோவில் யாருக்கும் ஞாபகமில்லை. கேண்டீன்காரர் முதல் தயாரிப்பாளர் வரை எல்லோருக்கும் அவள் மூச்சக்காதான்.

தொழில் ரகசியங்கள் அவளிடம் நிறைய இருந்தன. கொலைக்கு அலற வேண்டுமென்றால் தோள் மேல் பல்லி விழுந்ததாக நினைத்துக்கொள்வாள். காதல் காட்சிக்கு, நாள் முழுவதும் நின்ற கால்களை வெந்நீரில் வைப்பதாக நினைத்துக்கொள்வாள். மைக்குக்கு இந்தப் பக்கம் பழைய செருப்பும் பின்னிக் கட்டிய தலையுமாக அவள் கண்ணை மூடி விடும் அந்த வெந்நீர் மூச்சுக்கு, தியேட்டரில் வாலிபப் பையன்கள் விசில் அடிப்பார்கள். ஒலிப்பதிவாளர் ஒருவர் உண்டு, மீசை என்று பெயர். மீசையை எடுத்துப் பத்து வருஷம் ஆகியும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. “அக்கா, இது வென்னீர் மூச்சு. இங்க அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். வெதுவெதுன்னு இருந்தாப் போதும்” என்பார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

ஏன் வசனம் பேசுவதில்லை என்று கேட்பவர்களுக்கு ஞாபக சக்தி போதாது என்று சொல்லிவைத்திருந்தாள். பொய். குரலை ஒருவன் அடையாளம் கண்டுகொள்வான். மூச்சுக்கு முகம் கிடையாது. அதனால்தான்.

அந்த ஒருவன் அவள் புருஷன்.

அவன் குடிப்பவன் இல்லை. குரலை உயர்த்திப் பேசியவனும் இல்லை. அக்கம்பக்கத்தில் தங்கமான மனுஷன் என்று பெயர். கதவைச் சாத்திய பிறகு அவன் என்ன என்பது அவளுக்கும் சுவருக்கும்தான் தெரியும். பக்கத்து அறையில் மகள் தூங்குவாள். மகள் எழுந்துவிடக் கூடாது, எழுந்து வந்து பார்த்துவிடக் கூடாது. அந்த ஒரே நினைப்பில் எட்டு வருஷம் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வெளியே விடாமல் இருக்கப் பழகிக்கொண்டாள். ஒரு நாள், பட்டப்பகலில், அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஏழு வயது மகளின் கையையும் அவளுடைய பள்ளிக்கூடப் பையையும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியவள்தான். இந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். முதல் இரண்டு வருஷம் அவன் அவளுடைய அண்ணன் வீட்டு வாசலில் போய்ப் போய் நின்றானாம். “எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிருவேன், மச்சான். அவ மூச்சு விட்டாக்கூட எனக்குத் தெரியும்” என்றானாம், சிரித்துக்கொண்டே.

அண்ணன் அதைத் தொலைபேசியில் சொன்ன அன்று அவள் வாசல் கதவுக்கு மூன்றாவது தாழ்ப்பாள் போட்டாள். பஸ்ஸில் கடைசி இருக்கையில்தான் உட்காருவாள், முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது, கல்லூரிக்குப் போகிறாள். “நம்ம வீட்டுக்குள்ள வர்றதுக்கு நானே முன்கூட்டி மனு போடணும்” என்று கேலி செய்வாள். அம்மா எதற்குப் பயப்படுகிறாள் என்று அவள் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதற்குக் காரணம் இருக்கலாம், முன்பே தெரிந்திருக்கலாம் என்ற நினைப்பைத் தாய் பாதியிலேயே விட்டுவிடுவாள்.

இப்படிப் பொத்திப் பொத்தி வாழ்ந்தவள் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு நாள் கோட்டை விட்டாள்.

நான்காவது கொலைக்கு அன்று காலையிலிருந்து இருபது தடவைக்கு மேல் மூச்சு விட்டாகிவிட்டது. பல்லியை நினைத்தாள், பாம்பை நினைத்தாள். டைரக்டருக்குத் திருப்தியில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். “அக்கா, மத்த மூணு பேரும் யாராவது வரமாட்டாங்களான்னு கத்துறாங்க. இவ கத்த மாட்டா. பக்கத்து ரூம்ல இவ குழந்தை தூங்குது. அது முழிச்சா அவன் அதையும் கொன்னுடுவான்” என்று விளக்கிவிட்டுப் போனான்.

ஒலிப்பதிவு விளக்கு சிவப்பாக மாறியது. படத்தில் அந்த ஜன்னல் திரை ஆடியது. அப்புறம் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. நினைத்து எதையும் செய்யவில்லை. உடம்பு அதுவாகவே செய்தது. முடிந்தபோது கீழுதடு உப்புக் கரித்தது, பல் பதிந்திருந்தது.

மீசை நிறுத்தும் பொத்தானை அழுத்தவே மறந்துவிட்டார். பிறகு மைக்கில் மெல்லச் சொன்னார்: “அக்கா, வெளிய வாங்க. தண்ணி குடிங்க.” அன்று அவர் வெந்நீர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதை அழித்துவிடச் சொல்லி அவள் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். இன்னொன்று நன்றாகச் செய்து தருகிறேன் என்றாள். டைரக்டர் கேட்கிற நிலையில் இல்லை. பொக்கிஷம் கிடைத்தவன் போலக் குதித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாள். முகமில்லாத மூச்சுகளை விற்றுப் பிழைத்தவள், முகமுள்ள ஒரே ஒரு மூச்சை மைக்கில் விட்டுவிட்டாள். எந்த ஊரில் எந்தத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தாலும் அவன் தலை நிமிர்ந்துவிடும். பிறகு ஸ்டூடியோவைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்? ஸ்டூடியோவிலிருந்து இந்த மூன்று தாழ்ப்பாள் கதவுக்கு எத்தனை நேரம் ஆகும்?

ஆகவே சென்சாரில் அதை வெட்டச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளில், பல வாரங்களுக்குப் பிறகு, அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். இன்று வரும் வழியில் பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஒரு முடிவும் எடுத்துவிட்டாள். கேட்டால், ‘ஆமாம், அந்த மாதிரிச் சத்தம்தான். தெரியாமல் அப்படி அமைந்துவிட்டது’ என்று சொல்லிவிடுவது. பையன் வருத்தப்படுவான். படட்டும். உயிருக்கு முன்னால் படம் என்ன பெரிய படம்.

கதவு திறந்து அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

நீள மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் தலைவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு டாக்டர், ஒரு வியாபாரி, ஒரு பத்திரிகைக்காரர். கடைசியில் ஒரு பெண்மணி, பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பென்சிலால் எதையோ கோடிட்டுக்கொண்டிருந்தார். தலைவர் மரியாதையாகத்தான் பேசினார். படத்தில் வேறொரு காதல் காட்சி இருக்கிறது, அதைத் தாங்கள் தொடவில்லை, அதில் வரும் சத்தம் கண்ணியமாகவே இருக்கிறது என்றார். மூச்சக்காவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு முட்டியது. வெந்நீருக்கு இப்படி ஒரு நற்சான்றா. ஆனால் கொலைக்காட்சியில் ஆசையைத் தூண்டுகிற மாதிரி ஒலி வந்தால் அது ஆபத்து என்று தலைவர் தொடர்ந்தார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

“நீங்களே சொல்லுங்கம்மா. அது என்ன சத்தம்?”

சொல்ல வேண்டிய பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் வியாபாரி, பக்கத்திலிருந்த டாக்டரிடம் சொல்வது போல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“பயந்தா யாராவது இப்படியா மூச்சு விடுவாங்க? கத்த மாட்டாங்களா? நல்லா அனுபவிச்சு விட்ட மாதிரில்ல இருக்கு.”

பத்திரிகைக்காரர் உதட்டோரம் சிரித்தார்.

எட்டு வருஷம். ஒவ்வொன்றாக அவள் நெஞ்சுக்குள் எழுந்து வரிசையாக நின்றது. நாக்கு நுனியில் இருந்த பொய் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. குரல் நடுங்கவில்லை.

“பக்கத்து ரூம்ல புள்ள தூங்கினா இப்படித்தாங்க விடுவாங்க” என்றாள். “கத்துனா புள்ள முழிச்சுக்கும்.”

பத்திரிகைக்காரரின் சிரிப்பு பாதியில் அப்படியே நின்றுபோய், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் திண்டாடினார். தலைமையாசிரியை பென்சிலைக் கீழே வைத்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தபடியே, “ஏழாவது வெட்டு வேண்டாம்” என்றார். “நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

வெட்டவில்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ஆனால் ஏதாவது ஒன்றை வெட்டினால்தான் வந்த வேலை முடியும் என்பது போலக் காதல் காட்சியில் பாதியைக் குறைத்துவிட்டார்கள். “அக்கா, வென்னீர் போச்சு” என்று மீசை தொலைபேசியில் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொடுத்துவிட்டு வந்ததாக அவளுக்குத் தோன்றியது.

அன்றிலிருந்து நாட்களை எண்ணினாள். பூட்டை மாற்றினாள். புதுப் பூட்டுக்கு மூன்று சாவி கொடுத்தார்கள். ஒன்று தனக்கு, ஒன்று மகளுக்கு, மூன்றாவதை அரிசி டப்பாவுக்குள் போட்டுவைத்தாள். படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நிற்பாள். பட்டாளத்தில் சேர்ந்தமாதிரி இருக்கிறது என்று மகள் முணுமுணுத்தாள்.

படம் வெளியாவதற்கு முதல் நாள் டைரக்டர் கூப்பிட்டான். குரலில் குழந்தையின் குதூகலம். “அக்கா, உங்களுக்கு ஒரு பரிசு. படம் முடிஞ்சு பேர் போடும்போது உங்க பேரையும் போட்டிருக்கேன். டப்பிங் சங்கத்து அட்டையில இருக்கிற மாதிரியே, இனிஷியலோட, முழுப் பேரு. தனியா, பெருசா.”

கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்து உருண்டது. எடுத்துவிடு தம்பி என்று கெஞ்சினாள். எல்லாத் தியேட்டருக்கும் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, ஏன் அக்கா அழுகிறீர்கள் என்று அவன் பதறினான். நல்ல மனது படைத்தவன். நல்லது என்று நினைத்துச் செய்தான். யாரைக் கோபித்துக்கொள்வாள்?

பதினோரு நாள் கழித்து, ஒரு மத்தியானம், கதவு தட்டும் சத்தம் கேட்டது.

மகள் கல்லூரியில் இருந்தாள். பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. மூச்சக்கா வெறுங்காலோடு அடிமேல் அடி வைத்துப் போய்க் கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்தாள். ஒரு பெண். முப்பது வயதிருக்கும். அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டை போட்டிருந்தாள். பின்னால் படிக்கட்டில் யாரும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா?

கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் கதவை இரண்டு விரல் அளவு திறந்தாள்.

“நீங்கதானே அக்கா, அந்தப் படத்துல மூச்சு விட்டது?” என்றாள் வந்தவள். பிறகு, அவனுடைய பெயரைச் சொல்லி, “நான் அவர் வீட்டுல இருக்கேன்” என்றாள்.

மூச்சக்காவின் கண் தானாகப் படிக்கட்டுக்குப் போயிற்று. வந்தவள் அதைக் கவனித்தாள். “அவர் வரல. பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ஒன்றரை மணி நேர பஸ். நாலு மணிக்குள்ள திரும்பிடணும்.” சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து மாத்திரை உறை ஒன்றை எடுத்துக் காட்டினாள். சந்தேகம் வந்து கேட்டால் காட்டுவதற்கு முன்கூட்டியே வாங்கி வைத்த உறை. அந்த உறையைப் பார்த்த பிறகுதான் மூச்சக்கா சங்கிலியைக் கழற்றினாள். இப்படி அத்தாட்சி சேர்த்துக்கொண்டு வெளியே போவது எந்த வீட்டுப் பழக்கம் என்று அவளுக்குத் தெரியும்.

உட்கார்ந்ததும் வந்தவள் தண்ணீர் கேட்டாள். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தாள். பிறகு, சொல்வதற்காகவே பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள் போல ஒரே மூச்சில் சொன்னாள். அவருக்குக் கொலைப் படங்கள் பிடிக்கும், கூட்டிக்கொண்டு போனார். நான்காவது கொலை வந்தபோது இவளுக்குக் கை கால் ஜில்லிட்டுப் போயிற்று. இந்த மூச்சை இவள் படத்தில் கேட்டதில்லை. தன்னிடமிருந்துதான் கேட்டிருக்கிறாள். இன்னொருத்திக்கு எப்படித் தெரியும்? யார் விட்டது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று, எழுத்து ஓடி முடியும் வரை உட்கார்ந்திருந்தாள். அவர் கூட்டத்துக்கு முன் வண்டியை எடுக்க வேண்டும் என்று எப்போதும் போல முன்னாலேயே எழுந்து போய்விட்டார். பெயர் வந்தது. வீட்டு அலமாரியில் பழைய கல்யாணப் பத்திரிகையில் இவள் பார்த்த அதே பெயர், அதே இனிஷியல். முகவரி டப்பிங் சங்கத்தில் கிடைத்தது. தங்கை என்று சொல்லி வாங்கினாளாம்.

“நீங்க காய்ச்சல்ல செத்துட்டீங்கன்னு சொல்லியிருந்தார், அக்கா.”

மூச்சக்கா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருந்தது.

“அவரு... அந்தச் சீன்ல என்ன செஞ்சாரு?”

“பாப்கார்ன் டப்பாவை வழிச்சுக்கிட்டிருந்தார். என்னைத் தட்டி, ‘என்ன இவ இப்படி மூச்சு விடறா, ஒரு மாதிரியா இருக்கு’ன்னு சிரிச்சார்.”

“வேற?”

“வேற ஒன்னும் இல்ல.”

மூச்சக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். மூச்சு விட்டால் தெரியும் என்றவன். தலைக்கு மேலே, நான்கு பக்கமும், பெரிய பெரிய ஒலிபெருக்கிகளில் அவள் பதினோரு தடவை மூச்சு விட்டாள். அவன் பாப்கார்ன் தின்றான். பக்கத்திலேயே கிடந்த எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் அதைக் கேட்டிருக்கவில்லை. இந்தத் தாழ்ப்பாள்கள், கடைசி இருக்கை, சொந்தமாக ஒரு வசனம் பேசாத பன்னிரண்டு வருஷம்! வயிற்றிலிருந்து பொங்கி வந்தது அழுகையா சிரிப்பா என்று புரியாமல் தோளில் கிடந்த துண்டை வாயில் பொத்திக்கொண்டாள். பொத்திய பிறகுதான், வீட்டில் தூங்கும் பிள்ளை யாரும் இல்லை என்பது நினைவு வந்தது. துண்டை எடுத்துவிட்டாள்.

வந்தவள் எதிரில் உட்கார்ந்து அழாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குழந்தை இருக்கா?” என்று மூச்சக்கா கேட்டாள்.

“பையன். நாலு வயசு.” சற்று நிறுத்தி, “பக்கத்து ரூம்லதான் தூங்குவான்” என்றாள்.

போன பயம் அதே வழியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தது. இந்த முறை தனக்காக இல்லை.

அங்கிருந்து எப்படி வெளிய வந்தீங்க அக்கா, என்று கேட்டாள் அவள். மூச்சக்கா சொன்னாள். பட்டப்பகலில் வர வேண்டும், ராத்திரி கூடாது. பெட்டி எடுக்கக் கூடாது, பிள்ளையின் பள்ளிக்கூடப் பை போதும், சான்றிதழ்களைப் புத்தகங்களுக்கு அடியில் வைக்க வேண்டும். முதல் பஸ்ஸில் நேராக வரக் கூடாது, நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாற வேண்டும். அண்ணன் தம்பி யாருக்கும் அன்றைக்குச் சொல்லக் கூடாது. வந்தவள் உதடு அசைய ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் அவன் பார்ப்பான் என்பது இருவருக்கும் தெரியும்.

இப்போதே இங்கே இருந்துவிடு என்று சொல்ல நெஞ்சு துடித்தது. பையன் அங்கே இருக்கிறானே. வந்தவளின் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

மூச்சக்கா உள்ளே போய் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு மூன்றாவது சாவியை எடுத்து வந்தாள். அவள் அதை வாங்கி, ஒட்டியிருந்த அரிசியைத் துடைத்து, மாத்திரை உறைக்குள் மாத்திரைகளுக்கு நடுவே செருகினாள். உறை லேசாகப் புடைத்துக்கொண்டது. விரலால் அழுத்திச் சமன் செய்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, “எப்பன்னு சொல்ல முடியாது அக்கா” என்றாள்.

“எப்ப வேணா வா” என்றாள் இவள்.

செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கித் தேய்ந்தது. மூச்சக்கா கதவைச் சாத்தினாள். புதுப் பூட்டு தானாக விழுந்தது. பழக்கத்தில் கை மேல் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. அதைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து எந்தச் சாவிக்கும் இந்தக் கதவு திறக்காது. தாழ்ப்பாளைத் தொட்டபடி வெகுநேரம் நின்றாள். பிறகு, போடாமல் கையை எடுத்தாள்.